வீட்டுப்பாடக் கணக்கில் வராத வேலை

பின்லாந்தில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கிடையாதாம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் மாதம் ஒருமுறையாவது யாராவது சொல்வார்கள். வாட்ஸப் கொண்டுவந்து போடுகிற செய்தி. கிடையாது என்பது சரியில்லை, குறைவு. பிசா என்பது பல நாட்டு 15 வயது மாணவர்களுக்குத் தேர்வு வைத்து ஒப்பிடும் ஆய்வு. அதன் 2012 சுற்றில் அவர்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுப்பாடம் செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஷாங்காய் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 மணி நேரம், பின்லாந்துப் பிள்ளைகளுக்கு 3 மணிக்கும் குறைவு.

அதே பட்டியலில் தென்கொரியாவைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் 3 மணிக்கும் குறைவுதான்! அப்படியென்றால் கொரியப் பிள்ளைகளும் நிம்மதியாக இருக்கிறார்களா? அவர்கள் பாடு 'ஹாக்வோன்' என்கிற டியூஷன் சென்டர்களில் இருக்கிறது. சியோலில் இரவு 10 மணிக்கு மேல் அவற்றை நடத்தக் கூடாது என்று விதியே போட வேண்டியதாயிற்று. நவம்பரில் வரும் சுனுங் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வன்று, ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை. வீட்டுப்பாடத்தை மட்டும் எண்ணினால் இதெல்லாம் தெரியாது.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் என் வகுப்புதான். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பெயரெல்லாம் பாளையங்கோட்டைக்கு, நாங்கள் பீடிக்காரர்கள். என் மாணவிகளில் பலர் வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் பீடித் தட்டை மடியில் வைக்கிறார்கள். அம்மா சுற்ற, மகள் இலை வெட்டுவாள், கட்டுக் கட்டுவாள். கட்டுக்கு 25 பீடி. பரீட்சை சமயத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாதா என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "படிக்கட்டும் சார், நான் வேண்டாங்கல. பீடிக் கணக்கு கொறஞ்சா அடுத்த வாரம் கடையில இலைய கொறச்சிருவாவ, அதுக்கு என்ன செய்ய?" என்றார். எனக்குப் பதில் இல்லை. 'வீட்டில் எத்தனை மணி நேரம் படிக்கிறாய்' என்ற கேள்விக்கு அந்தப் பெண் 'ஒரு மணி நேரம்' என்றுதான் எழுதுவாள். அந்தப் பதிலைப் பார்க்கிறவர்கள் அவளைச் சோம்பேறி என்று நினைக்கலாம்.

பிசாவில் தமிழ்நாடும் ஒருமுறை கலந்துகொண்டது. 2009 சுற்றின் நீட்சியாக, இமாச்சலப் பிரதேசத்தோடு. இரண்டும் பட்டியலின் அடியில் கிடந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொன்னார்கள். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் சாக்கு என்பது என் எண்ணம். புத்தகத்தில் உள்ள கேள்வியை இரண்டு வார்த்தை மாற்றிக் கேட்டால் என் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவனே திணறுவதைத் தினமும் பார்க்கிறேனே.

நேரத்தைவிடப் பிள்ளையை நெரிப்பது, ஒரு தேர்வு தவறினால் அப்புறம் என்ன என்கிற பயம். பின்லாந்தில் 7 வயதில் பள்ளி. மேல்நிலை முடிவில்தான் நாடு முழுவதற்குமான ஒரே பெரிய தேர்வு. தொழிற்கல்விப் பக்கம் போகிறவர்கள் கணிசம். அங்கிருந்தும் உயர்கல்விக்குப் போகலாம், யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. நம் ஊரிலும் பாலிடெக்னிக் முடித்தவர் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வழி இருக்கிறது. ஆனால் 'பிள்ளை பாலிடெக்னிக்ல படிக்கான்' என்று சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிடுகிறது. நீட் எழுதுகிற பிள்ளைக்கோ 3 மணி நேரம், 180 கேள்வி, 720 மதிப்பெண். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு எங்களைப் போன்ற பள்ளிகளில் கொஞ்சம் காற்று வரவைத்தது. கூடவே இத்தனை நாள் அந்தப் பக்கமே பார்க்காத வீடுகளிலும் கோச்சிங் பேச்சைக் கொண்டுவந்தது.

தேர்வு முறையை நான் மாற்ற முடியாது. பீடிக் கூலியையும் முடியாது. என் கையில் இருப்பது ரெக்கார்டு நோட்டு. அதை இப்போது வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை; ஆய்வகத்திலேயே எழுதி, படம் வரைந்து, கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். படங்கள் முன்போல அழகாக இல்லை என்று தலைமையாசிரியருக்குக் குறை. செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வர் யாரும் இதுவரை அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.