மணிக்கு இரண்டரை நிமிடம்

நாங்கள் ஐந்து பேர். வெளிநாட்டுச் சேனல்களை நம்பி ஆவணப்படம் எடுக்கும் சிறு நிறுவனம். தயாரிப்பாளரே வண்டி ஓட்டுவார், கேமராக்காரரே கணக்குப் பார்ப்பார். என் பொறுப்பு போஸ்ட் புரொடக்‌ஷனும் டெலிவரியும். எடிட்டிங் முடிந்த படத்தை, வாங்குகிற சேனல் கேட்கும் வடிவத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விருது மேடையில் இந்த வேலைக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. ஏதாவது கோளாறு என்றால் மட்டும் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும்.

சில வருஷங்களுக்கு முன்பு, பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரைப் படமெடுத்தோம். கடை முழுக்கச் சுவர்க் கடிகாரங்கள். பார்க்க அவ்வளவு அழகு. முதல் நாள் ஃபுட்டேஜை டைம்லைனில் போட்ட பிறகுதான் எப்பேர்ப்பட்ட வம்பை விலைகொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று புரிந்தது. பேட்டியில் ஒரு வாக்கியத்தை வெட்டி இன்னொன்றோடு ஒட்டினால் பேச்சு பொருந்திவிடும், பின்னால் கேட்கும் டிக் டிக் பொருந்தாது. இரண்டு டிக் ஒன்றன்மேல் ஒன்று விழும். இல்லையென்றால் ஒன்று காணாமல் போகும். போதாததற்குச் சுவரில் முட்கள் வேறு. வாக்கியத்தின் பாதியில் மணி மூன்று, மீதியில் பத்து. மூலையில் ஒரு ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. பின்னணியில் தற்செயலாகக் கேட்கும் பாட்டாக இருந்தாலும் பாடலுக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை வாங்க வேண்டும். எங்கள் பட்ஜெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. முதல் நாள் எடுத்ததில் பெரும்பகுதி அப்படியே போயிற்று.

மறுநாள் ரேடியோவை அணைத்து, கடிகாரங்களையும் நிறுத்தச் சொன்னோம். பெரியவர் ஒவ்வொன்றின் ஊசலையும் ஒரே விரலால் தொட்டு நிறுத்திக்கொண்டே வந்தார். கடைசிக் கடிகாரமும் நின்ற பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சே வரவில்லை. கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்கிறார். அரை மணி நேரம் கழித்து, “எல்லாத்தையும் நிறுத்திட்டா எனக்குப் பேச்சு வரலை தம்பி” என்றார். சரி, ஒன்றே ஒன்று ஓடட்டும் என்று முடிவாயிற்று. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள ஊசல், நொடிக்கு ஒரு டிக். ஒரே கடிகாரம் என்பதால், வெட்டுகிற இடத்தையெல்லாம் டிக்கின் மேலேயே வைத்துக்கொண்டோம். முள் தெரியாதபடி கேமராவைத் திருப்பிவைத்தோம். அப்புறம் பெரியவர் பேசினார், சாயங்காலம் வரை பேசினார்.

திரைப்பட விழாக்களுக்கு 84 நிமிடத்தில் ஒரு வடிவம், தொலைக்காட்சிக்கு 52 நிமிடத்தில் ஒன்று. ஒரு மணி நேர இடத்தில் விளம்பரம், அறிவிப்பு போக மிஞ்சுவது அவ்வளவுதான். நீளமான வடிவத்தில் ஓர் இடம் உண்டு. “தொழிலை உங்களிடமிருந்து யார் கற்றுக்கொள்கிறார்கள்?” என்று கேட்கிறோம். பதில் வரவில்லை. பதினொரு டிக். பிறகு, “கேக்கறதுக்கு யாரும் வரலை” என்கிறார். சேனலுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் கமிஷனிங் எடிட்டர் அந்த மௌனத்தைக் குறைக்கச் சொன்னார். ஒலி போய்விட்டது என்று பார்வையாளர் நினைத்துவிடுவாராம். டிக் கேட்கிறதே, ஒலி எங்கே போயிற்று என்று வாதாடிப் பார்த்தேன். நான்கு டிக்கில் போய் நின்றது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உலகத்துக்கு ஒரே படம் என்று சொல்வது பேச்சுக்குத்தான். நெதர்லாந்திலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் சப்டைட்டில் போட்டால் போதும். ஜெர்மன், பிரெஞ்சுச் சேனல்கள் பெரும்பாலும் பேசுகிறவரின் குரலைத் தாழ்த்தி, மேலே வேறொரு குரலை வைக்கும். போலந்தில் பழைய பழக்கப்படி ஒரே ஆள் எல்லார் பேச்சையும் வாசித்துவிடுவார். ஆகவே வர்ணனை, பேட்டி, இசை, சூழல் ஒலி எல்லாவற்றையும் தனித்தனி டிராக்காகக் கொடுக்க வேண்டும். பேட்டியை மட்டும் அணைத்துக் கேட்டுப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பெரியவர் பேசுகிற இடமெல்லாம் அடியில் ஒன்றுமே இல்லை. கடிகாரமும் அவருடைய மைக்கிலேயே பதிவாகியிருந்ததால், குரலோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. வழக்கமாக ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் அசையாமல் நின்று, வெறும் அறையின் ஒலியை முப்பது நொடி பதிவுசெய்வார்கள். அன்றைய பட்டியலில் அதை எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை.

திரும்பிப் போக நேரமில்லை. அந்த அறையின் சத்தம் சுத்தமாகக் கிடைக்கிற இடம் ஃபுட்டேஜ் முழுவதிலும் ஒன்றுதான் இருந்தது: அந்தப் பதினொரு டிக். அதை எடுத்து, அவருடைய மூச்சை மட்டும் நீக்கி, தொடர்ச்சியாக ஒட்டிப் பேட்டி முழுவதற்கும் அடியில் விரித்தேன். சேனல் வேண்டாம் என்ற மௌனத்தைத்தான் அதன் பார்வையாளர்கள் படம் நெடுகக் கேட்டார்கள். இதைக் கமிஷனிங் எடிட்டரிடம் நான் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு வட அமெரிக்கச் சேனல் வாங்கியது. நாங்கள் எடுத்தது நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள். அவர்கள் கேட்டது 23.976. படத்தை ஃபிரேம் மாறாமல் சற்று மெதுவாக ஓடவிட்டு, குரல் தடிக்காமல் சுருதியைச் சரிசெய்துவிடுவது இதற்கு வழக்கமான வழி. 52 நிமிடம் 54-க்கு மேல் போயிற்று. சேனலின் தரப் பரிசோதனையில் ஒரு குறையும் வரவில்லை. அலுவலகத்தில் எங்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரியவருக்கும் படத்தை அனுப்பினோம். அவசரத்தில் நான் அனுப்பியது அந்த வட அமெரிக்க வடிவத்தின் லிங்க். இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது. படம் நன்றாயிருக்கிறது என்றார். தன் முடி இவ்வளவு நரைத்துவிட்டதா என்றார். கொஞ்சம் தயங்கினார்.

“தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. அன்னிக்கு அந்தக் கடிகாரம் சரியாத்தான் ஓடிச்சு. உங்க படத்துல மணிக்கு ரெண்டரை நிமிஷம் பின்தங்குது. கையில வாட்சை வச்சுப் பார்த்தேன்.”

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.