மேட்லேபில் ராண்ட்: பகடையும் விதையும்

பகடை உருட்டுவதுபோல் 1 முதல் 6 வரை ஓர் எண் வேண்டும். கணிப்பு மென்பொருளான மேட்லேபில் (MATLAB) பலர், ராண்ட் (rand) என்ற கட்டளை தரும் எண்ணை 5-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து (அருகிலுள்ள முழு எண்ணாக்கி), 1 கூட்டுகிறார்கள். இது தவறு. ராண்ட் 0-க்கும் 1-க்கும் இடையே சீராகப் பரவிய எண்ணைத் தருகிறது. ரவுண்ட் செய்யும்போது நடு எண்களுக்கு முழு அகலம் கிடைக்கிறது, ஓரங்களுக்குப் பாதிதான். அதனால் 1-க்கும் 6-க்கும் நிகழ்தகவு 10-இல் ஒன்று. மற்ற நான்குக்கும் 5-இல் ஒன்று. 6-ஆல் பெருக்கி, ஃப்ளோர் போட்டு (பின்னப் பகுதியை வெட்டி), 1 கூட்டினால் சரியாகும். நேரடியாக முழு எண் தரும் ராண்ட்ஐ (randi) இருக்கும்போது அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது விதை, அதாவது எண் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண். மேட்லேபை மூடித் திறந்தால் அதன் எண் உருவாக்கியான மெர்சென் ட்விஸ்டர் இயல்பாக விதை 0-இலிருந்தே தொடங்கும். நேற்று வந்த அதே எண்கள் இன்றும் வரும். விதையை அமைக்கும் rng கட்டளைக்கு ஷஃபிள் (shuffle) கொடுத்தால் நேரத்திலிருந்து விதை எடுக்கும். ஆனால் அதை ஒரு சுழற்சிக்குள் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை போதும். ஆய்வு முடிவு என்றால் விதையை எண்ணாகவே எழுதி வையுங்கள். மீண்டும் ஓட்டிச் சரிபார்க்க அதுவே எளிய வழி.

பைத்தான் மொழியின் கணித நூலகமான நம்பை (NumPy) பயன்படுத்துவோர் கவனிக்க: அங்கே 0-உம் வரலாம், 1 வராது. 32 பிட் துல்லியத்தில் 2-இன் 24-ஆம் அடுக்கு, அதாவது 1,67,77,216 வெவ்வேறு மதிப்புகளே உண்டு. பெரிய உருவகப்படுத்தலில் சுழியம் பெரும்பாலும் தலைகாட்டும். அதற்கு மடக்கை (log) எடுத்தால் எதிர்ம முடிவிலி. வந்த எண்ணை 1-இலிருந்து கழித்துவிட்டு மடக்கை எடுங்கள்.