பிரசங்கம், கூத்து, படுகளம், அப்புறம் முந்திரி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக விளம்பரத் தொழில் செய்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்பார்கள்: "ஒரு வீடியோ எடுத்துக் கொடுங்க, அதையே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் போட்டுடலாம்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் இடத்தில் பார்த்தவர் இரண்டாவது இடத்தில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பகுதி என்று கதையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ஜென்கின்ஸ் 2003-இல் இதை டிரான்ஸ்மீடியா கதைசொல்லல் என்று எழுதிப் பரவலாக்கினார். அதற்கு முன்பே, 1999-இல் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்ற திகில் படத்தின் குழுவினர் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். காணாமல் போன மாணவர்களைப் பற்றிப் படத்தில் இல்லாத விவரங்களை ஒரு வலைத்தளத்தில் வைத்தார்கள். 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டினார்கள். டிவியில் நிஜம் போலவே ஓர் ஆவணப்படம் ஓடியது.

ஆனால் நம்மூர்க்காரர்களிடம் நான் ஹாலிவுட்டைப் பேசுவதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவைத்தான் சொல்வேன். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் விடிய விடிய கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தில், அதாவது போர்க்களமாக்கிய திடலில், மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். கடைசியில் தீமிதி. எல்லாமே பாரதம்தான். சில சமயம் சம்பவம்கூட ஒன்றேதான். ஆனால் வேலை வேறு. பிரசங்கி பொருள் சொல்கிறார். கூத்தில் பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி நம்மைப் பார்த்துக் கேட்பதாகிவிடுகிறது. படுகளத்தில் நாமே கதைக்குள் நிற்கிறோம். தீமிதிக்கு மட்டும் வருகிறவருக்கும் குறையில்லை, முதல் நாளிலிருந்து வருகிறவருக்கு இன்னும் நிறைய கிடைக்கும். இதைவிடச் சிறந்த பாடம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி விற்கும் ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் வேலை செய்கிறோம். பாக்கெட்டின் மேல் டபிள்யூ 320 என்ற தரத்தின் விளக்கம்: ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு. ரீல்ஸில் பேச்சே இல்லை, கொட்டை உடைக்கும் அக்காக்களின் கைகள் மட்டும். தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு முந்திரியின் விலையை யாரும் சும்மா பேரம் பேச மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாட்ஸ்அப்புக்குக் குரல். கடைக்காரரின் அம்மா 'தானே' என்று பெயரிட்ட புயலைப் பற்றிப் பேசினார். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த புயல் அது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மறுபடி நட்ட ஒட்டுச்செடி காய்க்கவே மூன்று வருஷம் போல ஆகும். பழைய மரம் கொடுத்த அளவுக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம். அம்மா அழவில்லை, மரங்களை ஒவ்வொன்றாக இருந்த இடம் சொல்லி எண்ணினார். "கிணத்தோரம் நின்னது, எம் மாமியார் வச்சது." நான் எழுதிக் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது.

நான் எதிர்பார்க்காதது அப்புறம்தான் நடந்தது. கேட்டவர்கள் பதிலுக்குத் தங்கள் குரலை அனுப்பத் தொடங்கினார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து படகு போன கதை, முதுநகரிலிருந்து ஓடு பறந்த கதை, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த கதை. முந்திரி வாங்காதவர்களும் அனுப்பினார்கள். அவரவர் அனுமதி கேட்டு, அந்தக் குரல்களைப் பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு கியூஆர் கோடில் சேர்க்கப்போகிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரு குரல்.

மாசி மகத்துக்குச் சில்வர் பீச் பக்கம் கடை போடுகிறோம். அங்கேயும் ஸ்பீக்கரில் கதையை ஓட விடலாமா என்று கேட்டேன். "அங்க எதுக்குப்பா கதை? வறுத்ததை சூடா கையில குடு, போதும்" என்றார் அம்மா. சரி, அங்கே ருசி மட்டும்தான்.