மைனஸ் ஒன்று

மூன்று நாளாக இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் மழை விடவில்லை. கரண்ட் இருந்த நேரமெல்லாம் நான் எழுதும் குட்டிக் கெர்னலோடு (கணினியின் இயங்குதள மையம்) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய 32 பிட் லினக்ஸ் நிரல்கள் அதில் அப்படியே ஓட வேண்டும் என்று ஆசை. அவற்றில் பல, சாக்கெட் வேலை (நெட்வொர்க் தொடர்பு) எல்லாவற்றுக்கும் சாக்கெட்கால் என்ற ஒரே வாசலில்தான் வந்து நிற்கும். கையில் ஒரு கட்டளை எண், ஆர்கியுமென்ட்டுகள் (கட்டளைக்கு வேண்டிய விவரங்கள்) இருக்கும் முகவரி, அவ்வளவுதான். 1 சாக்கெட், 2 பைண்ட், 4 லிசன், இப்படி 20 வரை. (64 பிட் இன்டலில் இந்த வாசலே கிடையாது. 32 பிட்டுக்கும் 2015-இல் வந்த 4.3 பதிப்பில் தனித்தனி வாசல் வைத்தார்கள். பழசுகளுக்காக இது இன்னும் திறந்திருக்கிறது.)

நான் எழுதியிருந்தது இருபது கேஸ் உள்ள ஸ்விட்ச், அதாவது கட்டளை எண்ணைப் பார்த்துப் பிரித்துவிடும் நிரல். ஒவ்வொரு கேஸும் தன் பாட்டுக்குப் பயனர் நினைவகத்தைப் போய் வாசிக்கும். தரவை அனுப்பும் சென்ட்டூவில் நீளத்தைச் சோதிக்க ஒரு தடவை, அனுப்பும்போது இன்னொரு தடவை. நடுவில் அதே நிரலில் கூடவே ஓடும் வேறொரு த்ரெட் அதை மாற்றிவிட்டால்? சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று.

லினக்ஸில் இதற்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. லிசனுக்கு 2, பைண்டுக்கு 3, சென்ட்டூவுக்கு 6 என்று ஆர்கியுமென்ட் கணக்கு. எண்ணைச் சோதித்து, அட்டவணையில் நீளம் பார்த்து, ஒரே தடவையில் உள்ளே நகலெடுத்த பிறகுதான் ஸ்விட்ச். நானும் அப்படியே மாற்றினேன். முந்நூறு வரி நூறுக்குள் வந்தது. கொஞ்சம் திமிரும் வந்தது.

கண்டபடி எண்களை அனுப்பிப் பார்த்தபோது, கெர்னலை ஓட்டிப் பார்க்கும் போலிக் கணினியான கியூஎமு பொசுக்கென்று ரீபூட் ஆனது. திரும்பத் திரும்ப. எண் 20-ஐத் தாண்டினால் பிழை என்று மட்டும் எழுதியிருந்தேன், மாறியோ மைனஸ் எண்ணும் ஏற்கும் இன்ட். மைனஸ் ஒன்று 20-ஐத் தாண்டாதே! அட்டவணைக்கு முந்திய பைட்டில் ஏதோ பெரிய எண் கிடந்திருக்கிறது. ஆறு ஆர்கியுமென்ட்டுக்கு ஒதுக்கிய 24 பைட் இடத்தில் அத்தனையும் கொட்டி, திரும்பிப் போகும் முகவரியையே அழித்துவிட்டது.

"என்னாப்பா அது, அணைஞ்சு அணைஞ்சு எரியுது?" என்றார் அம்மா. தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் (நிறுக்கும் கொட்டகை) கொழுந்து நிறுப்பதை வைத்துச் சொன்னேன். ஒரு காலத்தில் அவருடைய ஆள் நம்பர் 142-ஐ 124 என்று எழுதி, 14 கிலோ யார் கணக்கிலோ போயிருந்தது. இன்றும் ஆறவில்லை.

"அதுலயாச்சும் ஒரு ஆளு இருந்துச்சு. ஒன்னோட நம்பர்ல ஆளே இல்லையே."

ஒன்றுக்குக் கீழே போனாலும் பிழை என்று சேர்த்தேன். லினக்ஸில் அதற்கு அடுத்து இன்னொரு வரியும் உண்டு, ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைக்காக 2018-இல் வந்தது. சோதனை முடியும் முன்பே பிராசசர் ஊகத்தில் அட்டவணையைத் தாண்டி வாசித்துவிடலாம் என்பதால், எண்ணை எல்லைக்குள்ளேயே அடக்கிவைக்கும் வரி அது. என்னைத் தவிர யாரும் ஓட்டாத கெர்னலுக்கு இது எதற்கு? சரி, ஒரு வரிதானே, போட்டுவைத்தேன்.

அப்புறம் சாக்கெட்டின் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட்டைத் திறந்தேன். நீளத்துக்கு அங்கேயும் இன்ட்தான் போட்டிருக்கிறேன்.