மாலை போட்டால் குடி நிற்கிறது, சரி. அதனால்?

கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் பாட்டிலைத் தொடமாட்டார். பெண்டாட்டி அழுதும் டாக்டர் திட்டியும் நிற்காத குடி, துளசிமணி கழுத்தில் ஏறியதும் நிற்கிறது. பலன் தருகிறதே, நம்பினால் என்ன என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஏகாதசி விரதம் அப்படியில்லை. பட்டினியால் உடம்புக்கு நன்மை உண்டென்றால் நாத்திகருக்கும் உண்டு. 'இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கு' என்று வாட்ஸப்பில் சுற்றுபவை சறுக்குவது இங்கேதான்: அறிவியலே போதுமென்றால் பெருமாள் எதற்கு? மாலையில் நம்பிக்கைதான் வேலை செய்கிறது. ஐயப்பன் பார்க்கிறார் என்று நிஜமாகவே பயந்தால்தான் கை பின்வாங்கும். 'குடி நிற்கட்டும் என்றுதான் நம்புகிறேன்' என்று தனக்கே சொல்லிக்கொண்டவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்?

இந்தச் சிக்கல் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் பாஸ்கலுக்குத் தெரியும். கடவுள் உண்டென்று பந்தயம் கட்டு, ஜெயித்தால் அளவில்லாத லாபம் என்றவர், நம்ப முடியாதவருக்குச் சொன்ன வழி: தீர்த்தம் தொட்டுக்கொள், பூசை வை, மற்றது தானாக வரும். அவர் இறந்த பிறகு அச்சேறிய குறிப்பு. இதையே ஓர் இமாமும் சொல்லலாமே என்றார் அடுத்த நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ. அதற்கு இன்றுவரை நேர் பதில் இல்லை என்பது என் எண்ணம். ஜெபத்தில் குடியை விட்டவரும் உண்டு; பலனைச் சாட்சிக்கு அழைத்தால் எல்லாச் சாமிக்கும் அது சாட்சி சொல்லும். விரதம் இருக்க அந்தப் பலன் போதும், ஐயப்பன் இருக்கிறார் என்று நிரூபிக்கப் போதாது.

நிரூபணம் எதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள்வாக்கில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், ஆள் அடையாளம் குழம்பும், உயிருக்கே ஆபத்து. இதை 'சாமி சோதிக்கிறார்' என்று படித்து, விபூதி பூசிப் படுக்கவைத்தால் ஆள் போய்விடலாம். அப்படிப்பட்டவர் மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். குருசாமியிடமும் சொல்லிவையுங்கள்.

மாலை கழற்றும் நாளும் கவனம். 41 நாளில் உடம்புக்குப் பழக்கம் விட்டிருக்கும். பழைய அளவையே அன்று குடித்தால் தாங்காது.