ஐபிஎல் முடிஞ்சாதான் வண்டவாளம் தெரியும்

மெயின்ஃபிரேம்ல, அதாவது பெரிய கம்பெனிங்க வெச்சிருக்கிற ராட்சச சர்வர்ல, அதோட ஓஎஸ்ஸை பாத்துக்கிற சிஸ்டம்ஸ் புரோகிராமரா எட்டு வருஷம் குப்பை கொட்டிட்டு ஒருவழியா சீனியர் ஆனேன், எப்படின்னு டீம் பசங்க கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். ஐபிஎல்னா இங்க கிரிக்கெட் இல்லீங்க, மெஷினை புதுசா பூட் பண்றது, எங்க வீட்லயே இன்னும் குழம்புவாங்க.

முதல் தடவை புரமோஷனுக்கு என் பேர் போனப்போ தள்ளிட்டாங்க. செம கடுப்பு. எஸ்எம்பி/இ வேலைய, அதாவது ஐபிஎம் அனுப்புற திருத்தங்களை சிஸ்டத்துல ஏத்துறதை, டீம்லயே நான்தான் வேகமா முடிப்பேன். அந்த வேகத்தோட ரகசியம் என்னன்னா அப்ளை செக்ங்கிற ஒத்திகையோட ரிப்போர்ட்ல 'நில்லு, இதைப் பாரு'ன்னு வர்ற ஹோல்டு ஒண்ணையும் படிக்காம மொத்தமா பைபாஸ் குடுத்துடுவேன். ஆக்‌ஷன் ஹோல்டுன்னா இந்த பிடிஎஃப்ஐ (திருத்தத்தை) போட்டா நீ கையால செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்குன்னு ஐபிஎம் சொல்றது, அதைத் தாண்டிப் போனா அன்னிக்கு ஒண்ணும் ஆகாது, பின்னாடிதான் ஆப்பு வைக்கும்.

அப்புறம் மெயின்ஃபிரேம் ஓஎஸ்ல 2021ல வந்த வெர்ஷன், இசட்/ஓஎஸ் 2.5க்கு மாறினோம். கிளையன்ட் அமெரிக்கால, அவங்களுக்கு சனிக்கிழமை ராத்திரி, எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல, கிச்சன்ல இருந்து பிரியாணி வாசனை வருது. சிஸ்டம் நல்லா ஏறிடுச்சு, ஆனா ஒரு மானிட்டரிங் டூல் மட்டும் எஸ்047ங்கிற அபெண்ட்ல (பாதியிலயே நின்னு போறது) விழுது. அதிகாரம் இல்லாத புரோகிராம் அதிகாரம் வேணுங்கிற எஸ்விசிய (ஓஎஸ்ஸோட சர்வீஸை) கூப்பிட்டா வர்றது அது. புது வெர்ஷன்தான் பிரச்சனை, பழசுக்கே போயிடலாம்னு கான்ஃபரன்ஸ் கால்ல எல்லாரும் கத்துறாங்க. நான் வேணாம்னுட்டு, சிஸ்டம் செட்டிங் எல்லாம் இருக்கிற பார்ம்லிப்ல புராக் மெம்பரை (ஒரு செட்டிங் ஃபைலை) திறந்து பாத்தேன், அந்த டூலோட லைப்ரரி ஏபிஎஃப் லிஸ்ட்ல, அதாவது அதிகாரம் குடுத்த லைப்ரரிங்க லிஸ்ட்ல இருக்கு, அப்புறம் என்னடா? அரை மணி நேரம் மண்டை காய்ஞ்சப்புறம்தான் பக்கத்துல இருந்த வால்யூம் (டிஸ்க்) பேர் கண்ல பட்டுச்சு, லைப்ரரி எப்பவோ வேற டிஸ்குக்கு போயிடுச்சு, மெம்பர்ல பழைய வால்யூமே நிக்குது. மூவ் பண்ணின அன்னிக்கு யாரோ செட்புராக் கமாண்ட் அடிச்சு சரி பண்ணிட்டு மெம்பரை மாத்தாம போயிட்டாங்க, கமாண்ட்ல போட்டது மெமரியோட சரி, அடுத்த ஐபிஎல்ல காணாம போயிடும். பழைய வெர்ஷனுக்கு திரும்பியிருந்தாலும் பார்ம்லிப் அதேதான், அதே அடிதான் விழுந்திருக்கும்.

ரெண்டாவது தடவை பேனல்ல கமாண்ட் எதுவும் கேக்கல, அந்த ஞாயித்துக்கிழமைய பத்தியே முக்கால் மணி நேரம். பழசுக்கு போக வேணாம்னு எந்த தைரியத்துல சொன்னேன்னு திருப்பித் திருப்பி கேட்டாங்க. கிடைச்சுடுச்சு. சம்பளம் பெருசா ஏறலங்கிறது வேற கதை.

இப்போ ஒவ்வொரு ஐபிஎல்லுக்கு முன்னாடியும் ஓடுற சிஸ்டத்துல இருக்கிற லிஸ்டைக் காட்டுற டி புராக்,ஏபிஎஃப் கமாண்டோட அவுட்புட்டையும் மெம்பரையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாக்குறேன். போன தடவை மெம்பர்ல இல்லாத என்ட்ரி ரெண்டு சிக்குச்சு. ஒண்ணு நானே போட்டது.