எஸ்எம்டிபியா, எஸ்எம்டிபிடியா?

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி. ரிசெப்ஷன் கணினியிலிருந்து புக்கிங் மெயில் விடுதியின் சொந்த மெயில் சேர்வருக்குப் போகிறது, அதில் ஓடும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். அங்கிருந்து வெளியே ஒரு ரிலேக்கு, அதாவது மெயிலை வாங்கி மேலே கடத்தும் இன்னொரு சேர்வருக்கு. இதில் சேர்வருக்கு இரண்டு வேஷம். உள்ளே வருபவரிடம் 'யார் நீ' என்று கேட்கும்போது அது காவல்காரர். ரிலேயின் வாசலில் தன் கடவுச்சொல்லைக் காட்டும்போது அது விருந்தாளி. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் காவல் வேலைக்கான வரிகள் 'எஸ்எம்டிபிடி' என்று தொடங்கும், விருந்தாளிக்கானவை 'எஸ்எம்டிபி' என்று. அந்த ஒற்றை 'டி'யில் கண் தவறினால் பொழுது முழுக்க லொக் கோப்போடுதான்.

வெளியே போகும் பக்கம்தான் சிக்கல் கூடியது. வீட்டு ஃபைபர் இணைப்பின் மாறும் ஐபியிலிருந்து 25ஆம் போர்ட்டில் நேரே அனுப்பினால் பல சேர்வர்கள் திருப்பிவிடும். ரிலேயின் 587க்குக் கொடுங்கள். ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் எம்எக்ஸ் (அந்தப் பெயருக்கான மெயிலை வாங்கும் சேர்வர் எது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தேடாமல் அந்த இயந்திரத்துக்கே போகும். கடவுச்சொல் கோப்பிலும் அதே பெயர், அதே அடைப்பு, அதே போர்ட் எண் இருக்கவேண்டும். ஓர் அடைப்பு விடுபட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லே இல்லை என்று எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போய் நிற்கும். பெரும்பாலும் 530, 'முதலில் லொகின் செய்' என்று திட்டு வாங்கி வரும். கோப்பைத் திருத்தினால், அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டவேண்டும், கோப்பின் உரிமை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்).

'மெக்கானிசம் இல்லை' என்று லொக் சொன்னால் கடவுச்சொல்லில் கைவைக்காதீர்கள். டெபியன், உபுண்டுவில் லொகின் முறைகளைத் தரும் சாஸ்ல் மொடியூல் பொதி நிறுவப்படாமல் இருக்கும். அது இருந்தும் அதே பிழை வந்தால், வெறும் கடவுச்சொல்லை மறுக்கும் இயல்புநிலை விதிதான் காரணம். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கிவிட்டு அந்த விதியைத் தளர்த்துங்கள். ரிலே ஜிமெயில் என்றால் வழமையான கடவுச்சொல் செல்லாது: இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்கவேண்டும்.

காவல் பக்கத்தின் கடவுச்சொல் சரிபார்ப்பை டவ்கொட் என்ற மெயில்பெட்டி மென்பொருளிடம் விடுவதே சுலபம். அதன் சொக்கெட் (இரண்டும் பேசிக்கொள்ளும் வாசல்) போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவுக்குள், போஸ்ட்ஃபிக்ஸ் பயனர் பெயரில், 660 உரிமையோடு இருக்கட்டும். வெளியே வைத்தால், அந்த அடைவையே சிறையாகக் கொண்டு ('குரூட்') ஓடும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியாது. டிஎல்எஸ் தொடங்கும்வரை கடவுச்சொல் கேட்காதபடி பூட்டுங்கள். கடவுச்சொல் போகும் பேஸ்64 என்ற எழுத்து வடிவம் பூட்டல்ல, வெறும் உறை, யாரும் பிரிக்கலாம். 25இல் லொகின் வசதியே வேண்டாம். 587, 465 போதும். ரிசெப்ஷன் கணினிக்கு 554 வந்து ரிலே மறுப்பு என்றால் அது லொகின் செய்யவேயில்லை. 535 என்றால் செய்து தோற்றது.

சோதிக்க, டிஎல்எஸ் இணைப்பைத் திறந்து கையால் கட்டளை தட்டவிடும் ஓபன்எஸ்எஸ்எல் கருவி போதும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பேஸ்64 ஆக்க எக்கோ கட்டளையை அப்படியே பாவித்தால் கடைசியில் ஒரு புதுவரி ஒட்டிக்கொள்ளும், சரியான கடவுச்சொல்லுக்கும் 535 வரும், பிரின்ட்எஃப் பாவியுங்கள். பெறுநர் முகவரியைச் சொல்லும் 'ஆர்சிபிடி' கட்டளையைச் சிறிய ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வரித்தொடக்கத்தில் பெரிய 'ஆர்' வந்தால் ஓபன்எஸ்எஸ்எல் அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்ளும், மெயில் சேர்வருக்குப் போகாது.